இடதுபக்கப் பின்சக்கரம்

ஸ்பேனர் அவன் கையில் இருந்தது.

கார் போய்விட்டது.

தரையில் நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. ஆயில் வாடையோடு புளிப்பு வாடையும் சேர்ந்து வந்தது.

அடுத்த வண்டிக்காக ஸ்பேனரை எடுத்தபோதுதான் உறைத்தது. கார் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

விடியும் முன்னே ஆரம்பித்த வேலை. ஆயில் மாற்றினான். பிளக்கைக் கழற்றித் தேய்த்தான். நைந்துபோன ஃபேன் பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு மாட்டினான். கடைசியாகப் பின்சக்கரங்களுக்குப் புது பிரேக் ஷூ. கிழட்டுக் கார்தான். ஆனாலும் சொன்ன பேச்சைக் கேட்கிற கார்.

வலது பக்கம் முடித்தான். இடது பக்கமும் முடித்தான்.

ஜாக்கியில் நிற்கும்போது சக்கரத்தின் நட்டுகளை விரலால் சுற்றி மாட்டினால் போதும். ஸ்பேனர் போட்டு இறுக்குவது, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு. அதுதான் முறை. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் அவன் கை அதைச் செய்யும்.

இடது பக்கம் இன்றைக்குச் செய்யவில்லை.

ஜாக்கியை இறக்கியதுமே அன்னத்தாய் அக்கா குனிந்து நாலு சக்கரத்துக்கும் முன்னால் பழம் வைத்துவிட்டாள். ராகுகாலம் பிறக்குமுன் வண்டி அசைந்தாக வேண்டும் என்றாள். அவள் புருஷன் தவசிக்கனி அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாயிற்று. பின்னால் மகள். அவள் மடியில் பிள்ளை. பிள்ளைக்குத் திருச்செந்தூரில் முடியிறக்கு.

அக்கா சூடம் காட்டினாள்.

அவனும் ஸ்பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான்.

பழம் நசுங்கியது. கார் நகர்ந்தது. கும்பிட்ட கையை இறக்காமலே வழியனுப்பினான்.

விரலால் மாட்டிய நட்டு. மேடு பள்ளத்தில் ஒவ்வொன்றாய்க் கழன்று விழும். அப்புறம் சக்கரம்.

பிள்ளை இருப்பதும் இடது பக்கம்தான்.

ஃபோனை எடுத்தான். உள்ளதைச் சொல்லத்தான் நினைத்தான். இறுக்க மறந்துட்டேன் அண்ணாச்சி, நிறுத்துங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இது பாவூர்சத்திரத்தில் பரவினால் இனி இந்த ஷெட்டில் எவனும் வண்டியை விடமாட்டான் என்பதும் அதே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

பிள்ளையின் நினைப்போடு கூடவே வந்தது.

"அண்ணாச்சி, ஓரமா நிக்கணும். என் ஸ்பேனரு உங்க டிக்கியில கெடக்கு. வந்து எடுத்துக்கிடுதேன்."

அண்ணாச்சி இடம் சொன்னார்.

"ஆலங்குளம் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில நிக்கோம். பைய வாடே."

அவன் பைய வரவில்லை. பைக்கை முறுக்கினான். ஸ்பேனரைச் சட்டைக்குள் செருகியிருந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் அது விலாவில் இடித்தது. இடிக்கட்டும் என்று விட்டான். ரோட்டில் கறுப்பாக எது கிடந்தாலும் நட்டாகத் தெரிந்தது.

மரத்தடியில் கார் நின்றது. நாலு சக்கரமும் இருந்தன.

அன்னத்தாய் அக்கா துண்டு விரித்து உட்கார்ந்து பேரனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒத்த இரும்புத் துண்டுக்கா எங்கள மறிச்சுப் போட்ட? என்ன, தங்க முலாம் பூசினதோ? ஏற்கெனவே இந்த மனுசன் டயர்ல கல்லு மாட்டிக்கிட்டுன்னு எறங்கி, அங்கனயே மண்டிபோட்டுக் கெடந்தாரு. இப்ப நீ வந்து நிக்க. நல்ல நேரம் பாத்துக் கெளம்பின லெட்சணம்."

சிரித்து வைத்தான். செருப்பைச் சரிசெய்கிறவன் போல இடதுபக்கப் பின்சக்கரத்தருகே குனிந்தான். நட்டைத் தொட்டான். அசையவில்லை. அடுத்ததைத் தொட்டான். அதுவும் அசையவில்லை. எல்லாம் இறுகியிருந்தன. துரு பெயர்ந்த இடங்கள் புதிதாய் மினுங்கின.

நிமிர்ந்தான்.

கோயிலுக்கென்று கட்டிய வெள்ளை வேட்டி. முழங்காலில் மண். அண்ணாச்சியின் உள்ளங்கை இரண்டும் கறுப்பு.

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்தார். காரோடு வந்த ஸ்பேனர். அவனுடையதைவிடக் குட்டை. அக்கா பார்க்கும்படி அதை அவனிடம் நீட்டினார்.

"இதானடே ஒன் ஸ்பேனரு?"

அவன் வாயைத் திறந்தான்.

பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே அக்கா அவனைப் பார்த்தாள்.

"ஆமா அண்ணாச்சி."

வாங்கிக்கொண்டான்.

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். செவிட்டில் ஒன்று வைத்திருக்கலாம். வழியெல்லாம் அதற்குத்தான் மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தான். அண்ணாச்சியோ பிள்ளையைத் தூக்கி மகளிடம் கொடுத்தார். அக்கா எழுந்திருக்கக் கை கொடுத்தார். வண்டியைக் கிளப்பினார். போகும்போது ஹாரன்கூட அடித்தார், வாரோம் என்பதுபோல.

அவன் கையில் அவர்களுடைய ஸ்பேனர்.

இனி வழியில் எங்காவது டயர் பஞ்சரானால், கழற்ற அந்த வண்டியில் ஒன்றுமில்லை. அது அண்ணாச்சிக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார்.

கடற்கரை வரைக்கும் போகிற வண்டி.

ஷெட் திறந்து கிடப்பது நினைவுக்கு வந்தது. மதியத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொன்ன இன்னொரு வண்டியும்.

பைக்கை உதைத்தான்.

ஊர்ப்பக்கம் திருப்பவில்லை. காருக்குப் பின்னாலேயே விட்டான். காரின் கண்ணாடியில் தன் முகம் தெரியாத தூரத்தில்.