பொம்மைக்கு மூஞ்சி

கடைசி கேபினில் என்னைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. எப்போதும் கேட்கிற சிரிப்புதான், எப்போதும் கேட்கிற துப்பாக்கிச் சத்தம்தான். பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கப் போனவள் திரையைப் பார்த்துவிட்டேன].

அந்த விளையாட்டில் ஒரு பெண் வருவாள். ஜட்டியும் அரை பனியனுமாகத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஆண்களுக்கெல்லாம் தலையிலிருந்து கால்வரை கவசம். இவளுக்கு மட்டும் துணிப் பஞ்சம். அடிபட்டால் ஆண்கள் கத்துவார்கள், இவள் முனகுவாள். அந்த முனகலுக்காகவே அவளைத் திரும்பத் திரும்பச் சுடுவார்கள்.

இன்று அவளுக்கு என் முகம்.

செங்கம் ரோட்டில் அப்சல் பாயின் பிரவுசிங் சென்டர் இது. காலையில் ஆசிரமத்தில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்க வருவார்கள். மத்தியானத்துக்கு மேல் காலேஜ் பையன்கள். பி.சி.ஏ. முடித்துவிட்டு நான்தான் இதைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் டிகிரி வாங்கிய முதல் பெண். ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அப்பா நாளைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்.

நேற்றுதான் பாயிடம் சண்டை போட்டேன். பொம்பளை என்றால் இதற்குத்தானா, இந்த விளையாட்டைத் தூக்குங்கள் என்றேன். பாய் சங்கடத்தோடு தாடியைத் தடவினார். பையன்கள் வருவதே இதற்குத்தான், பொம்மைக்குப் போய் இவ்வளவு கோபமா என்றார். பொம்மைதானே, அப்போ துணி போட்டு விளையாடச் சொல்லுங்கள் என்று கேபின் பக்கம் பார்த்தே கத்தினேன்.

இப்போது இளஞ்செழியன் நாற்காலியைத் திருப்பினான். அந்தக் கூட்டத்தில் மரியாதையானவன்.

"அக்கா, நேத்து நீங்கதானே பொம்மைக்குத் துணி போடச் சொன்னீங்க? துணி கிடைக்கல. மூஞ்சி போட்டுட்டோம்."

எல்லாரும் சிரித்தார்கள்.

பேப்பர் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். துப்பட்டா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஏசி போட்டிருந்ததால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நானும் அவர்களும்தான்.

எப்படிச் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேனே. அந்த முகம் வெறும் படம். தலையைச் சுற்றி ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டு வேறு படத்தை வைத்தால் வேறு முகம்.

என் படம் எப்படிக் கிடைத்தது?

கவுண்டருக்கு ஓடினேன். அரசாங்க வேலைப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க என் போட்டோவை இங்கேதான் ஸ்கேன் செய்தேன். அழிக்காமல் விட்டிருக்கிறேன், புத்திகெட்டவள். அழித்தேன். அழித்து என்ன? அது இன்னும் எங்கெங்கே போயிருக்கிறதோ. நாளைக்கு எந்தக் கடையில் எவன் என்னை முனக வைக்கப் போகிறானோ.

தம்பி வந்துவிட்டால் போதும்.

பரசுராமன் தினமும் சாயங்காலம் வண்டியில் வந்து கூட்டிப் போவான். உள்ளே வந்ததே இல்லை, வாசலோடு சரி. தெருமுனையில் எவனாவது என்னைத் திரும்பிப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுவான். மற்றபடி குழந்தை. கேமரா செல் வாங்கியதிலிருந்து வீட்டில் பூனை, அடுப்பு, சாப்பிடுகிற அப்பா என்று எதையும் படம் எடுக்காமல் விடுவதில்லை. அவனிடம் எதுவும் சொல்லக்கூடாது, சொன்னால் வெட்டுக்குத்து ஆகிவிடும். பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட வேண்டும்.

அதற்குள் அந்தக் கம்ப்யூட்டர் ஒயரையாவது பிடுங்கிவிடலாம் என்று கேபினுக்குத் திரும்பிப் போனேன். குனிந்து பிளக்கைப் பிடித்தேன்.

மறுபடி சுட்டார்கள். அவள் முனகிக்கொண்டே பக்கவாட்டில் விழுந்தாள். காது தெரிந்தது.

காதில் கம்மல் இல்லை. வேப்பங்குச்சி.

ஸ்கேன் செய்த போட்டோவில் கம்மல் போட்டிருக்கிறேன். வேலைக்கு வரும்போதும் கம்மல்தான். இருப்பது ஒரே ஜோடி என்பதால் வீட்டுக்குப் போனதும் அம்மா கழற்றி வைக்கச் சொல்லிவிடுவாள். காது தூர்ந்துவிடாமல் இருக்கக் குச்சி சொருகிக்கொள்வேன். குச்சியோடு நான் வாசல்படி தாண்டியதில்லை.

பிளக்கைப் பிடித்த கை அப்படியே நின்றது.

வெளியே வண்டி வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

"அக்கா, பரசு வந்துட்டான் பாருங்க," என்றான் இளஞ்செழியன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

துப்பட்டாவை மறுபடி தொட்டுப் பார்த்தேன்.