சக்கரப் பூட்டு

எங்கள் வண்டிச் சக்கரத்தையும் தன் வண்டிச் சக்கரத்தையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான் தியோஃபில். சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பையை ஊருக்கே தட்டிக் காட்டினான்.

கூட்டம் ஓவென்று இரைந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நியூ ஆர்லியன்ஸ்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு தெருமுனை, இரண்டு வண்டி, இரண்டு பேண்டு, வாசிப்புப் போட்டி. எதிரே ஃபாவ்ரோ நடன ஹால். மாடியில் முதலாளி ஃபாவ்ரோ சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். ஜெயிக்கிற பேண்டுக்குத்தான் குளிர்காலம் முழுக்க அவர் ஹாலில் வாசிப்பு. தோற்றவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கலாம்.

பூட்டினால் பூட்டியதுதான். வண்டியை விட்டு இறங்குகிறவன் தோற்றவன். பூட்டைத் திறந்துவிடுகிறவனும் தோற்றவன்.

நான் டிரம் அடிக்கிறவன். எங்களுக்குக் கார்னெட் எஸ்ரா. என்னைப் போலவே கன்னங்கரேல் என்று இருப்பான். நோட்டுப் பார்த்து வாசிக்கத் தெரியாது, ஆனால் ஊதினால் ஹால் தரை அதிரும்.

எதிர் வண்டியில் டிராம்போன் ஊதுகிற தியோஃபில், கனால் தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கிரியோல்காரன். கலப்பு ரத்தம், வெளுத்த தோல், வீட்டில் பிரெஞ்சுப் பேச்சு. எங்களை மாதிரி ஆட்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. எஸ்ராவைக் கண்டால் முகமே கோணிக்கொள்ளும்.

அன்றைக்கென்று பார்த்து எஸ்ராவின் மனைவி ஒடிலுக்குப் பிரசவ வலி. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். குழந்தை கால் முதலில் வருகிறது, தாய் பிழைப்பதே சந்தேகம் என்று பக்கத்து வீட்டுக்காரி வண்டியடியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்றைக்கு விட்டுவிடு, அடுத்த ஞாயிறு இதே முனையில் வைத்துக்கொள்வோம் என்று எஸ்ரா தியோஃபிலிடம் கேட்டான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டான். அவளுக்கு உயிர் போகிறது என்று கேட்டான்.

தியோஃபில் டிராம்போனைக் கொஞ்சம் இறக்கினான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"பெத்துக்கப் போறவ அவ. நீ பக்கத்துல நின்னு ஊதவா போற?"

தெருவே சிரித்தது. வேகவைத்த இறால் தின்றுகொண்டிருந்தவர்கள் தோலை எங்கள் மேல் வீசினார்கள்.

பாவி. இவனெல்லாம் ஒரு தாய் வயிற்றில்தான் பிறந்தானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹாலும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், இறங்கி ஓடு என்று எஸ்ராவிடம் சொன்னேன். அவன் வண்டியில் இருந்த எங்கள் ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தான். ஐந்து வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே. இறங்கவில்லை.

கார்னெட்டை எடுத்து ஊதினான். அழுதுகொண்டே ஊதினான்.

தியோஃபில் விடுவானா? டிராம்போனை எஸ்ரா மூஞ்சிக்கு நேராக நீட்டி நீட்டி, அவன் வாசித்ததையே நொண்டி நொண்டி வாசித்துக் காட்டினான். எஸ்ரா திருப்பி ஊதினான். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் காறித் துப்பிக்கொள்வது போல இருந்தது.

அப்போதுதான் கூட்டம் விலகியது. மருத்துவச்சி மிஸ் ஆர்மன்டீன் வந்தாள், ஏப்ரனெல்லாம் ரத்தமாக. அவளுக்கு வழிவிடாதவன் அந்தப் பேட்டையில் கிடையாது. பாதிப் பேர் பிறந்ததே அவள் கையில்தான்.

ஆம்பளைப் பிள்ளை, தாயும் பிழைத்துக்கொண்டாள் என்று எஸ்ராவிடம் சொன்னாள். எஸ்ரா அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் கிளம்பவில்லை. எதிர் வண்டியின் பின்பக்கம் போய்த் தியோஃபிலை அண்ணாந்து பார்த்தாள்.

"உன் தங்கச்சி வலியில புருஷன் பேரைச் சொல்லல. தியோ, தியோன்னுதான் கத்தினா. நீ ஊதினது வீடு வரைக்கும் கேட்டுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுப்பனைக் கட்டிக்கொண்டதற்காக வீட்டார் ஒடிலைத் தலைமுழுகிவிட்டார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரியும். யார் வீடு என்று எஸ்ரா ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

தியோஃபில் வண்டியை விட்டு இறங்கினான். குனிந்து, தன் கையாலேயே பூட்டைத் திறந்தான்.

தோத்தான், தோத்தான் என்று தெரு கூவியது. ஃபாவ்ரோ எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். ஹால் எங்களுக்கு.

எஸ்ரா குதித்து அவன் முகத்துக்கு நேரே நின்றான்.

"என் வாசப்படியை மிதிச்ச, காலை ஒடிச்சிருவேன்."

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினான்.

சங்கிலியைக் கீழே போட்டுவிட்டுத் தாய்மாமனும் பின்னாலேயே ஓடினான்.