குற்றாலநாதர் வேஷம்

"தாத்தா, நீங்கதான் குற்றாலநாதர். சாமி அசையக் கூடாது, கேட்டியளா?"

பேத்தி குழலி சொன்னபடியே இருந்தேன். வெளியே சாரல். அடுக்களையில் சிலோன் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

ஒரு டம்ளர் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். "இதுதான் அருவி." மூக்கு வழியாக ஒழுகியது. நான் அசையவில்லை.

"ஓயாம நனைஞ்சா சாமிக்குச் சளி பிடிக்குமுல்லா? அதான் கோயில்ல கஷாயம் படைக்காவ." நிஜக் கஷாயத்தையே ஒரு கரண்டி புகட்டினாள். பாதி சட்டையில் வழிந்தது.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, தாத்தாவைப் படுத்தாத!"

"தாத்தா இல்லம்மா, சாமி!"

சும்மா சொல்லக் கூடாது, எனக்கே கொஞ்சம் சாமியாகத்தான் இருந்தது.

குழலி கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

"சாமி, வாதம் வந்து விழுந்ததுல இருந்து எங்க தாத்தா பேசவே இல்ல. கை காலும் அசையல. நீதான் சரியாக்கணும்."

கண்ணைத் திறந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதே வரத்தைக் கேட்கத்தான் போன மாசம் என்னைக் குற்றாலநாதர் சந்நிதிக்குத் தூக்கிப் போனார்கள். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தானே என்று அவன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

இன்றைக்குத்தான் புரிந்தது. பாவம், அவனுக்கும் வாதம்தான்.