சோபாவில் விழும் பள்ளம்

தம்பதி எழுந்து போனதும் சோபாவில் விழுந்த பள்ளத்தை அவள் தட்டிச் சமன்செய்கிறாள். அறைகலன் கண்காட்சியில் பயிற்சிக்கு வந்த மாணவிக்கு இதுதான் வேலை. "நாம உட்கார்ந்தா சரக்கு பழசாயிடும்" என்று மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். காலையா மாலையா என்று காட்டிக்கொடுக்காமல் கூரை விளக்குகள் எரிகின்றன. மரத்துப்போன கால்கள் யாருடையவோ போல நிற்கின்றன. "ரொம்ப நேரம் உட்கார்ந்தா இடுப்பு வலிக்குமாம்மா?" என்கிறார் ஒரு பெரியவர். "வலிக்காது சார், மெத்துன்னு இருக்கும்." வாய் அதன் பாட்டுக்குச் சொல்கிறது. அவர் நகர்ந்ததும் மேற்பார்வையாளர் வருகிறார். "முகமே சரியில்லையே. போய்க் கொஞ்சம் உட்காரும்மா." அரங்கம் கொள்ளாமல் கிடக்கும் நாற்காலிகளை அவள் பார்க்கிறாள். தடுப்புக்குப் பின்னால் போய் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்காருகிறாள். எழுந்ததும், அட்டையில் விழுந்த பள்ளத்தைக் கை தானாகத் தட்டிவிடுகிறது.