பந்தி மாறுகிற நாள்

கடல் பச்சையாகப் பூத்துப் பதினெட்டு நாளாயிற்று. பூத்த பாசி இப்போது செத்து நாறியது. அதைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. எளிதாகக் கரைவதைத் தின்கிற கூட்டம் எழுந்து போன பிறகுதான் கெட்டியானதைத் தின்கிற கூட்டம் வந்து அமரும், கல்யாணப் பந்தி போல. ஆரிஃபா தினமும் விடியலில் ஒரே இடத்தில் ஒரு பாட்டில் நீர் எடுத்தாள். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. ஒரு நாள் தவறினாலும் ஆராய்ச்சி அறுந்துவிடும். இன்று நீரை எடுத்துவிட்டுப் படகிலேயே அசந்து தூங்கிப்போனாள். கரையில் கண்விழித்தபோது பாட்டிலில் நீர் பளிங்காக இருந்தது.

"நாத்தம் தாங்கல தங்கச்சி. அதக் கொட்டிட்டு, நீலத் தண்ணிக்கு வந்ததும் நல்லதா மோந்து வச்சிருக்கேன்," என்றார் படகோட்டி மிக்கேல், பெருமையாக.

அவளுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. "அந்த நாத்தம்தாண்ணே எனக்கு வேணும்."

"திரும்பிப் போக டீசல் இல்ல. நாளைக்கு மோந்துக்கிட்டா ஆகாதா?"

"இன்னைக்குத்தாண்ணே பந்தி மாறுற நாளு. நாளைக்கு வேற ஆளுங்க உக்காந்திருப்பாங்க."

மிக்கேல் தலையைச் சொறிந்தார். பிறகு தயங்கித் தயங்கி, தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து நீட்டினார். "அந்த நாத்தத் தண்ணியக் கொட்டுறப்பக் கொஞ்சம் இதுல சிந்துச்சு."

அதில் அவருடைய வியர்வையும் டீசலும் மீன் ரத்தமும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பாட்டிலைக் கவிழ்த்து உதறிவிட்டு, துண்டுக்குக் கீழே பிடித்தாள்.

"பிழியுங்கண்ணே," என்றாள்.