அரை நொடி

கூட்டம் சிரித்தது. அரை நொடி கழித்து முன்வரிசையிலிருந்து இன்னொரு சிரிப்பு தனியாக வந்தது.

கதை படித்துக்கொண்டிருந்த எழுத்தாளர் தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்தப் பின்சிரிப்பு அவள் கணவருடையது. ஊர் சிரித்தால் அவரும் சிரிப்பார், எதற்கென்று தெரியாது. அவள் மொழியில் அவருக்கு ஒரு சொல்கூட வராது.

அவருடைய மொழி வேறு. இருவரும் வளர்ந்த பிறகு கற்றுக்கொண்ட மூன்றாவது மொழி ஒன்றில்தான் பதினெட்டு வருடக் குடித்தனம். திரைச்சீலையின் நிறத்துக்காகச் சண்டை போட அது தாராளமாகப் போதும்.

நூலகத்து மாடி அறையில் நாற்பது நாற்காலி, இருபத்தாறு பேர். எல்லோரும் 'அப்புறம் மாமா'வுக்காக வந்தவர்கள். அவள் கதைகளில் வரும் அசட்டுக் கணவர் அவர். மனைவி தலைபோகிற காரியத்தைச் சொன்னாலும் "அப்புறம்?" என்பார். வேறு பேச்சு கிடையாது. வீட்டில் இருப்பவரைத்தான் அப்படியே தூக்கிக் கதைக்குள் வைத்திருந்தாள். அவரால் படிக்க முடியாது என்ற தைரியம்.

நாளாக நாளாக அந்தத் தைரியமே வருத்தமாகிவிட்டது. பதினொரு புத்தகம். கட்டியவர் ஒரு வரி படித்ததில்லை. அடுப்படியில் நின்றபடி ஒரு நல்ல வரியை எழுதி, அடடா என்று தானே மெச்சிக்கொண்டு திரும்பினால், படித்துக்காட்ட ஆள் இல்லை.

அதனால்தான் சாவி. நகரத்தின் அடுத்த கோடியில் ஓர் ஒற்றை அறை வீடு, அவளுக்கு மட்டும். சாவி மூன்று வாரமாக அவள் கைப்பையில் கிடக்கிறது. கைப்பை இப்போது அவர் மடியில். அவள் மேடையேறும்போதெல்லாம் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை.

சொல்ல வாய் வரவில்லை. எழுத வந்தது. இன்றைய கதையின் கடைசிப் பக்கத்தில் மாமாவின் மனைவி ஒரு வீட்டுச் சாவியை மேசைமேல் வைக்கிறாள். அவருக்குப் புரியாத மொழியில் அவர் முன்னாலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டால், வீட்டுக்குப் போய்ச் சொல்வது சுலபமாகிவிடும் என்று நினைத்தாள்.

தாளைத் திருப்பினாள்.

கடைக்குப் போன மாமா, வாங்க வேண்டிய மூன்றையும் மறந்து, தன் குடையையும் அங்கேயே விட்டுவிட்டு, யாருடைய குடையையோ பிடித்தபடி...

ஒரு சிரிப்பு வெடித்தது. ஒற்றைச் சிரிப்பு. வாக்கியம் இன்னும் முடியவில்லை.

அரை நொடி கழித்துத்தான் கூட்டம் சிரித்தது.

அவள் தலையைத் தூக்கினாள்.

கணவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

இத்தனை வருடமும் அந்த அரை நொடியை வேண்டுமென்றே விட்டுவிட்டா சிரித்தார்? அவருக்குப் புரியும் என்று தெரிந்திருந்தால் அப்புறம் மாமாவை அவள் எழுதியே இருக்க மாட்டாள். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

படித்த வரியில் விரலை வைத்தபடி நின்றாள். இன்னும் இரண்டு பத்தியில் சாவி, வீட்டு மேசையில் வைத்து எழுதி அவள் யாருக்கும் காட்டாத பக்கம். தொண்டை சரியில்லை என்று சொல்லி இப்போதே நிறுத்திவிடலாம். வேண்டுமென்றே சஸ்பென்ஸ் வைக்கிறாள் என்று கூட்டம் ரசித்துக்கொண்டிருந்தது.

அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். கைப்பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார், அவள் மொழியில். "சாவி இன்னும் வரலையே."