மேடம்னு சொல்லு

"வாங்கக்கா."

மேனேஜரின் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மாணவி இப்படிக் கூப்பிட்டதில் பேராசிரியைக்குச் சுருக்கென்றது.

பயிற்சிக்கு அனுப்பிய பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. பார்ப்பது என்ன பார்ப்பது, பாதி நேரம் பல்லைக் காட்டிக் கெஞ்சுவதுதான். பயிற்சிக்கு ஆள் எடுக்கிற கம்பெனிகளே அருகிப் போய்விட்டன. வருஷம் தவறாமல் எடுப்பவர் இந்த மேனேஜர் ஒருவர்தான். இவர் முகம் கோணினால் அடுத்த வருஷப் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இந்த மனுஷன் முன்னால் இப்படியா மானத்தை வாங்குவது?

வகுப்பில் இவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் மூடவே மூடாது. இன்றைக்கு என்னவோ மேனேஜர் நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். ஆளும் இளைத்திருந்தாள். பரவாயில்லை, அடக்கம் வந்திருக்கிறது என்று பேராசிரியைக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட.

"தங்கமான பொண்ணு மேடம். எவ்வளவு நேரமானாலும் என்கூடவே இருந்து முடிச்சுட்டுத்தான் போவா."

கவனம் சிதறக் கூடாதென்று, வந்ததும் அவள் போனை வாங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொள்கிறாராம். எங்களால் முடியாததை நீங்கள் சாதித்துவிட்டீர்களே என்று பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தாள்.

மாணவி சிரிக்கவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் போகுதுக்கா."

மறுபடியுமா! பேராசிரியைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அக்கா என்ன அக்கா? இது என்ன உன் வீடா? மேடம்னு சொல்லு."

விடுங்க மேடம், சின்னப் பொண்ணு என்றார் மேனேஜர், பெரிய மனசோடு.

மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேர் முன்னால் திட்டினால் ரோஷம் வரத்தானே செய்யும்.

"சரிங்க மேடம்," என்றாள்.

அன்று சாயங்காலம், அடுத்துப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கல்லூரியில் கூட்டம். வருஷா வருஷம் சொல்வதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பேராசிரியை ஒப்பித்துவிடுவாள். நேரத்துக்குப் போங்கள், எதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாக, அவளே யோசித்து வைத்த ஏற்பாடு ஒன்று. இதுவரை ஒரு பிள்ளைக்கும் தேவைப்படாதது.

"நான் பார்க்க வரும்போது உங்க மேலதிகாரி பக்கத்துலயே இருப்பாங்க. எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. எல்லாம் சரியா இருந்தா என்னை மேடம்னு கூப்பிடுங்க. அங்க இருக்கவே பயமா இருந்தா அக்கான்னு கூப்பிடுங்க. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன். கையோட கூட்டிட்டு..."



ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிவிட்டேன்.

வராந்தாவுக்கு ஓடினாள். மாணவியின் எண்ணைத் தேடி அழுத்தினாள். ஆபீஸ் விட்டு நேரமாகியிருந்தது. வீட்டுக்குப் போயிருப்பாள், இந்நேரம் போயிருக்கத்தான் வேண்டும். எடும்மா, என் கண்ணு, எடுத்துடு.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங்க மேடம்," என்றார் மேனேஜர்.